ரிக்கெல்மே: மதுரை மைதானங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்துக்கு மாலையில் பந்து உதைக்க வரும் பிள்ளைகள், அவர்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓரத்தில் நிற்கும் அப்பாக்கள், மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து இரவில் செயற்கைப் புல்தரையில் ஆடும் இளைஞர்கள் ஆகியோர் என்னிடம் கேட்பவை இவை. அவர்களைக் கேட்க வைப்பவனும் நான்தான். யாராவது தலையை நிமிர்த்தி ஒரு நல்ல பாஸ் போட்டால், ரிக்கெல்மே என்று கத்துவது என் வழக்கம். கத்திவிட்டு விளக்கம் சொல்லாமல் தப்பிக்க முடியாது.

யார் சார் இந்த ரிக்கெல்மே? மாரடோனா தெரியும், மெஸ்ஸி தெரியும். நடுவில் இப்படி ஒருவர் இருந்தாரா?

இருந்தார். ஹுவான் ரோமான் ரிக்கெல்மே, அர்ஜென்டினாவின் சான் ஃபெர்னாந்தோவில் 1978 ஜூன் 24 அன்று பிறந்த கால்பந்து ஆட்டக்காரர், பிளேமேக்கர். புவனஸ் அயர்ஸை ஒட்டிய எளிய புறநகர் ஒன்றில், பிள்ளைகள் நிறைந்த வீட்டின் மூத்த மகனாக வளர்ந்தார். மாரடோனாவை உருவாக்கிய அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸ் கிளப்பின் இளையோர் அணியில் பயின்று, 1996இல் போகா ஜூனியர்ஸுக்கு வந்தார். அந்த ஆண்டு நவம்பர் 10 அன்று, 18 வயதில் முதல் ஆட்டம். மறு ஆண்டு அக்டோபரில், போகாவின் பரம எதிரியான ரிவர் பிளேட்டுக்கு எதிரான ஆட்டத்தின் இடைவேளையில் மாரடோனா வெளியே போனார், இவர் உள்ளே வந்தார். மாரடோனா அதன் பிறகு எந்தத் தொழில்முறை ஆட்டத்திலும் களமிறங்கவில்லை. கதையில் எழுதினால் மிகை என்பார்கள், நடந்தது.

மெஸ்ஸி பிறந்ததும் ஜூன் 24தான், ஒன்பது ஆண்டு கழித்து.

பிளேமேக்கருக்கு என்னதான் வேலை?

எதிரணியின் தடுப்பு வரிசைக்கும் நடுக்களத்துக்கும் இடையில் நின்று, பந்து எப்போது, எந்த வேகத்தில், யாருடைய எந்தக் காலுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வது. சித்திரைத் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. மாசி வீதிகளில் வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் வீதி முனையில் தேரைத் திருப்புகிறவர் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கொடுப்பவர். ஒரு சக்கரத்தைச் சற்றே தடுத்து, தேர் போக வேண்டிய திசையை அவர் தீர்மானிக்கிறார். ரிக்கெல்மே பந்தைக் காலடியில் நிறுத்தியதும் அதற்காகவே.

மெதுவான ஆள், சோம்பேறி என்றெல்லாம் சொல்கிறார்களே?

மெதுவான ஆள்தான். ஓட்டப் பந்தயம் வைத்தால் நம் ஒன்பதாம் வகுப்புப் பையன்களில் சிலர்கூட அவருக்கு ஈடு கொடுப்பார்கள். பந்தை இழந்த பிறகு துரத்திப் போய் மீட்கும் பழக்கமும் அவரிடம் குறைவு. சோம்பேறி என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

அவருடைய ஆட்டம் ஏதாவது ஒன்றை எடுத்து, பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். பந்து களத்தின் மறுகோடியில் இருக்கும்போதே இவர் கழுத்து இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டிருக்கும். யார் எங்கே நிற்கிறார்கள், யார் களைத்திருக்கிறார், எந்தத் தடுப்பாட்டக்காரர் தன் ஆளை மறந்துவிட்டார் என்ற கணக்கு பந்து வருவதற்குள் முடிந்திருக்கும். பந்து வந்ததும் உடலைப் பக்கவாட்டில் திருப்பி, எதிராளியின் மீது லேசாகச் சாய்ந்து, உள்ளங்காலால் பந்தைத் தன் தூரக் காலுக்கு இழுத்துக்கொள்வார். அதற்கு மேல் பந்தைத் தொட வேண்டுமானால் அவரை இடித்துத்தான் தொட வேண்டும். இடித்தால் ஃப்ரீ கிக். ஃப்ரீ கிக் கிடைத்தால் அதை அடிக்கப் போவதும் அவர்.

அப்படி அவர் நிற்கும் இரண்டு மூன்று விநாடிகளில் எதிரணியில் யாராவது ஒருவருக்குப் பொறுமை போய்விடும். இடத்தை விட்டு இவரை நோக்கி வருவார். அவர் விட்டுவிட்டு வந்த இடத்துக்குள் பந்து போகும். சோம்பேறிக்கு இது வராது.

எதிராளியின் கால்களுக்கு நடுவே பந்தை இழுத்துவிட்டுப் போகும் அந்தக் காணொளி நிஜம்தானா? ஏதோ விளம்பரம் போல இருக்கிறது.

நிஜம். 2000 மே 24, கோப்பா லிபர்டடோரஸ் காலிறுதியின் இரண்டாவது ஆட்டம், எதிரணி ரிவர் பிளேட். தென் அமெரிக்கக் கிளப்புகளுக்கு இதைவிடப் பெரிய கோப்பை கிடையாது. எதிரே நின்றவர் கொலம்பியாவின் மாரியோ யெப்பெஸ். பக்கக் கோட்டருகே, கோலுக்கு முதுகு காட்டி நின்ற நிலையில் இருந்து இதைச் செய்தார். போகா 3–0 என்று வென்றது. யெப்பெஸ் பாவம், நல்ல தடுப்பாட்டக்காரர். அவரை உலகம் அந்த ஒரு விநாடியை வைத்தே நினைவில் வைத்திருக்கிறது.

போகாவில் அப்படி என்ன சாதித்தார்?

1998இல் கார்லோஸ் பியாங்கி பயிற்சியாளராக வந்தார். அதன் பின் போகா லீக்கில் தொடர்ந்து 40 ஆட்டங்கள் தோற்கவே இல்லை. 1998 முதல் 2000 வரை மூன்று லீக் பட்டங்கள், 2000, 2001 என அடுத்தடுத்து இரண்டு லிபர்டடோரஸ். 2001இல் தென் அமெரிக்காவின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் இவருக்குக் கிடைத்தது.

பியாங்கியின் ஏற்பாடு எளிமையானது. ஓடி, மோதி, பந்தைப் பறிக்கும் வேலையை மொரிசியோ செர்னா போன்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பறித்த பந்தை ரிக்கெல்மேயிடம் கொடுத்துவிட்டு மற்றவர்கள் முன்னால் ஓடுவார்கள். அவர் எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் யாரும் முணுமுணுக்கக் கூடாது. இதை ஓர் ஒப்பந்தம் என்றே சொல்வேன். அவருடைய விளையாட்டு வாழ்க்கை முழுவதையும் இந்த ஒப்பந்தத்தை வைத்துப் படித்துவிடலாம். ஒப்புக்கொண்ட அணிகளில் கோப்பையை வென்றார், அல்லது அதன் பக்கத்தில் வந்து நின்றார். ஒப்புக்கொள்ளாத அணியில் அவர் இருந்த சுவடே தெரியவில்லை.

2000 நவம்பர் 28, டோக்கியோ. ஐரோப்பியச் சாம்பியனும் தென் அமெரிக்கச் சாம்பியனும் மோதும் இன்டர்கான்டினென்டல் கோப்பை. எதிரே ரியல் மாட்ரிட்: ஃபிகோ, ராவுல், ராபர்டோ கார்லோஸ், மக்கலேலே. ஆறு நிமிடம் முடிவதற்குள் மார்த்தின் பலேர்மோ இரண்டு கோல் அடித்துவிட்டார். இரண்டாவது கோலுக்கான நீளமான பாஸ் ரிக்கெல்மேயுடையது. பந்து தரையிறங்கும் இடத்துக்குப் பலேர்மோ ஓடிப்போய்ச் சேர்ந்தால் மட்டும் போதும் என்ற அளவில் வந்தது. ராபர்டோ கார்லோஸ் ஒரு கோலைத் திருப்பினார். மீதி நேரம் முழுவதும் ரிக்கெல்மே பந்தைக் காலில் வைத்துக்கொண்டு மாட்ரிட்டை அலைய விட்டார். முடிவு 2–1. பேருக்கு ஆட்டநாயகன் பலேர்மோ. யாருடைய ஆட்டம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பிறகு பார்சிலோனாவில் ஏன் சோபிக்கவில்லை?

2002இல் போனார். அங்கே பயிற்சியாளர் லூயி வான் கால். தான் கேட்டு வாங்கிய ஆட்டக்காரர் ரிக்கெல்மே இல்லை என்பதை வான் கால் ஒளிக்கவே இல்லை. அவருடைய அமைப்பில் நடுவில் நின்று ஆட்டத்தை நடத்தும் பத்தாம் எண்ணுக்கு இடம் கிடையாது. எனவே ரிக்கெல்மேயை ஓரத்தில் நிறுத்தினார். பக்கக் கோட்டை ஒட்டி நிற்பவருக்குப் பாதிக் களம்தான் உண்டு. வேகமும் இல்லாத ஆளுக்கு அது சிறை. பார்சிலோனாவுக்கும் அது மோசமான பருவம், வான் கால் பாதியிலேயே போய்விட்டார். 2003இல் பிரேசிலின் ரொனால்டினோ வந்ததும் ரிக்கெல்மே வில்லாரியலுக்கு அனுப்பப்பட்டார்.

வான் காலைத் திட்டுவது சுலபம். நானும் நிறையத் திட்டியிருக்கிறேன். ஆனால் அவர் தன் அமைப்பை ஓர் ஆளுக்காக மாற்ற மறுத்தார், இந்த ஆள் ஓர் அமைப்புக்காகத் தன்னை மாற்ற மறுத்தார். இருவரும் ஒரே அச்சு.

வில்லாரியல் எங்கே இருக்கிறது? கேள்விப்பட்டதே இல்லையே.

ஸ்பெயினின் கிழக்கில், பீங்கான் ஓடு செய்யும் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில். மக்கள்தொகை ஏறக்குறைய 50 ஆயிரம். நம் திருமங்கலம் அளவு. அந்த ஊர் அணிதான் 2004–05இல் ஸ்பெயின் லீக்கில் மூன்றாம் இடம் பிடித்தது. பயிற்சியாளர் சிலியின் மானுவேல் பெல்லெக்ரினி. பியாங்கி போட்ட ஒப்பந்தத்தையே அவரும் போட்டார்: பின்னால் மார்கோஸ் சென்னா காவல், முன்னால் டியேகோ ஃபோர்லான் ஓட்டம், நடுவில் ரிக்கெல்மே. அந்தப் பருவத்தில் ஃபோர்லான் 25 கோல் அடித்து லீக்கிலேயே முதலிடம் பெற்றார்.

அடுத்த பருவத்தில் ஐரோப்பியக் கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக். மான்செஸ்டர் யுனைடெட் இருந்த பிரிவில் முதலிடம், காலிறுதியில் இன்டர் மிலான் வெளியேற்றம், அரையிறுதியில் ஆர்செனல். திருமங்கலத்து அணி ஒன்று ஐரோப்பாவின் கடைசி நால்வரில் ஒன்றாக நின்றது என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பெனால்டி?

கேட்காமல் விடுவீர்களா! 2006 ஏப்ரல் 25 இரவு, நம் கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வாக்கில். முதல் ஆட்டத்தில் ஆர்செனல் 1–0 முன்னிலை. இரண்டாவது ஆட்டம் முடிய ஓரிரு நிமிடமே இருக்கும்போது வில்லாரியலுக்குப் பெனால்டி. கோலாகியிருந்தால் கூடுதல் நேரம். ரிக்கெல்மே அடித்தார், ஆர்செனல் கோல்கீப்பர் யென்ஸ் லேமான் தன் இடப்பக்கம் பாய்ந்து தடுத்தார். அவ்வளவுதான்.

ஆனால் அந்த அணியை அந்தக் கட்டம் வரை யார் கொண்டுவந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெனால்டியைத் தவறவிட்டவர் என்று மட்டும் சொல்லிப் போகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

2006 உலகக் கோப்பையில் அவரை ஏன் வெளியே எடுத்தார்கள்?

இதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் தேநீர் ஆறிவிடும்.

பயிற்சியாளர் ஹோசே பெக்கெர்மான். 1997இல் மலேசியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற அர்ஜென்டினா அணிக்கும் அவர்தான் பயிற்சியாளர். அந்த அணியில் ரிக்கெல்மே, ஐமார், கம்பியாசோ, சாமுவேல், ஸ்கலோனி எல்லோரும் இருந்தார்கள். 2002 உலகக் கோப்பைக்கு ரிக்கெல்மேயைத் தேர்வு செய்யவில்லை. 2006இல் பெக்கெர்மான் பத்தாம் எண் சட்டையைக் கொடுத்து, மொத்த அணியையும் இவரைச் சுற்றிக் கட்டினார்.

ஜூன் 16, செர்பியா மாண்டினீக்ரோவுக்கு எதிராக 6–0. நம் ஊரில் மாலை ஆறரை மணிக்குத் தொடங்கிய ஆட்டம். அதில் கம்பியாசோ அடித்த இரண்டாவது கோலைத் தேடிப் பாருங்கள். இருபதுக்கும் மேற்பட்ட பாஸ்கள், அவசரமே இல்லாமல் பக்கத்துக்குப் பக்கம் போய், திடீரென்று வேகம் பிடித்து, கிரெஸ்போ குதிகாலால் தட்டிவிட, கோல். ஓர் அணி முழுவதும் ரிக்கெல்மேயின் நாடித் துடிப்பில் ஆடியது.

ஜூன் 30, பெர்லின், ஜெர்மனியோடு காலிறுதி. நமக்கு வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணி. 49ஆம் நிமிடத்தில் ரிக்கெல்மேயின் கார்னரை அயாலா தலையால் முட்டிக் கோலாக்கினார். 71ஆம் நிமிடத்தில் கோல்கீப்பர் அபொந்தான்சியேரி காயத்தால் வெளியேற, ஒரு மாற்று அங்கே செலவானது. அடுத்த நிமிடமே ரிக்கெல்மேயை எடுத்துவிட்டுக் கம்பியாசோவை இறக்கினார்கள். 79இல் கிரெஸ்போவுக்குப் பதில் குரூஸ். மூன்று மாற்றும் தீர்ந்தது. 80இல் குளோசா கோலடித்துச் சமன் செய்தார். பெனால்டியில் ஜெர்மனி 4–2. தடுத்தவர் மறுபடியும் லேமான். கடைசியாகத் தடுக்கப்பட்ட உதை கம்பியாசோவுடையது. 19 வயது மெஸ்ஸி ஆட்டம் முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

பெக்கெர்மானின் பக்கத்திலும் நியாயம் உண்டு. ரிக்கெல்மே களைத்திருந்தார், ஜெர்மனி உயரமான பந்துகளால் நெருக்கியது, முன்னிலையைக் காக்க இன்னொரு நடுக்கள ஆளைப் போடுவது எந்தப் பயிற்சியாளரும் செய்வதுதான். இருந்தாலும் நான் அவரைக் குறை சொல்லும் கட்சி. முன்னிலையில் இருக்கும்போது பந்தை எதிரணிக்குக் கொடுக்காமல் வைத்திருக்கத் தெரிந்த ஒரே ஆளை வெளியே எடுத்தால், பந்து யாரிடம் போகும்? ஆட்டத்தின் மிச்ச நேரத்துக்கு ஒப்பந்தத்தை முறித்தார்கள்.

மெஸ்ஸியோடு சேர்ந்து எதையாவது வென்றாரா?

வென்றார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கம். 23 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான இடத்தில் சேர்க்கப்பட்ட ரிக்கெல்மே அணித்தலைவர், பத்தாம் எண் அவரிடம், மெஸ்ஸிக்கு 15. அரையிறுதியில் பிரேசிலை 3–0 என வென்றார்கள். மூன்றாவது கோல் இவரது பெனால்டி. இறுதியில் நைஜீரியாவுக்கு எதிராக டி மரியா அடித்த ஒரே கோல் போதுமானதாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, தென் அமெரிக்க நாடுகள் மோதும் கோப்பா அமெரிக்காவில் இவர் ஐந்து கோல் அடித்தும், இறுதியில் பிரேசிலிடம் 3–0 என்று தோற்றார்கள்.

மாரடோனாவோடு என்ன சண்டை?

2009இல் மாரடோனா தேசிய அணியின் பயிற்சியாளர். தொலைக்காட்சியில் ரிக்கெல்மேயின் ஆட்டத்தைப் பற்றிக் குறையாகப் பேசினார். இவர் தேசிய அணியை விட்டே விலகிக்கொண்டார். 51 ஆட்டம், 17 கோலோடு அந்தக் கணக்கு முடிந்தது. நேரில் சொல்லாமல் ஊருக்குச் சொன்னதை இவரால் பொறுக்க முடியவில்லை. ரோஷக்காரர், அந்த வகையில் மதுரைக்காரர் என்றே சொல்லிக்கொள்ளலாம்.

காதுகளுக்குப் பின்னால் கைகளைக் குவித்து நிற்கும் அந்தப் படம்?

2001 ஏப்ரல் 8, மறுபடியும் ரிவர் பிளேட். பெனால்டியை அடித்தார், கோல்கீப்பர் தடுத்தார், திரும்பி வந்த பந்தைத் தலையால் முட்டிக் கோலாக்கினார். பிறகு கிளப் நிர்வாகிகள் அமரும் மாடத்துக்கு எதிரே போய், கைகளைக் காதருகே வைத்து அசையாமல் நின்றார். அப்போது கிளப் தலைவர் மௌரிசியோ மாக்ரி, பின்னாளில் அர்ஜென்டினாவின் அதிபரானவர். இருவருக்கும் சம்பள ஒப்பந்தத்தில் தகராறு. கேட்டபோது, என் மகளுக்குத் தோப்போ ஜீஜோ என்ற பொம்மை எலியைப் பிடிக்கும், அதற்காகச் செய்தேன் என்று அமைதியாகச் சொல்லிவிட்டார். யாரும் நம்பவில்லை.

ஐரோப்பாவிலிருந்து திரும்பி வந்ததும் ஓய்வுதானா?

ஓய்வா? பெல்லெக்ரினியோடு முறிந்து, 2007இல் கடனாக, அதாவது சில மாதங்களுக்கு மட்டும், போகாவுக்கு வந்தார். அந்த லிபர்டடோரஸில் எட்டு கோல். இறுதியில் பிரேசிலின் கிரேமியோவை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 5–0 என்று நசுக்கினார்கள். அதில் மூன்று இவருடையவை, இரண்டு எதிரணியின் சொந்த மைதானத்தில். என்னைக் கேட்டால் இவருடைய உச்சம் இதுதான், டோக்கியோ இல்லை. கூட இருந்தவர்களில் முன்பு போல நட்சத்திரங்கள் குறைவு, வயது 29ஐ எட்டிக்கொண்டிருந்தது, வேகம் இன்னும் குறைந்திருந்தது. ஆட்டம் மட்டும் தெளிந்திருந்தது.

போகாவில் மொத்தம் 11 கோப்பைகள். 2012 லிபர்டடோரஸ் இறுதியில் கொரிந்தியன்ஸிடம் தோற்றதும் விலகினார், மறுபடி வந்தார், 2014இல், தான் தொடங்கிய இடமான அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸுக்குப் போய் அதை முதல் பிரிவுக்கு ஏற்றிவிட்டு, 2015 ஜனவரியில் ஓய்வை அறிவித்தார்.

பிரான்ஸின் ஜிடானைவிடப் பெரிய ஆட்டக்காரரா?

இல்லை.

இப்போது ஏன் இப்படிப்பட்டவர்கள் வருவதில்லை?

நிற்க விடுவதில்லை. பந்தை இழந்த நொடியிலேயே கூட்டாகப் பாய்ந்து மீட்பது இன்று எல்லாப் பெரிய அணிகளின் பாடம். எதிரணியின் கோலருகே மீட்ட பந்து எந்தப் பிளேமேக்கரின் பாஸையும்விட நல்ல வாய்ப்பைத் தரும் என்பது ஜெர்மன் பயிற்சியாளர் யுர்கன் கிளாப்பின் வாதம். கணக்காகப் பார்த்தால் அவர் சொல்வது சரி. பதினோரு பேரும் ஓட வேண்டிய ஆட்டத்தில் ஓடாத ஒருவரைச் சுமக்க அணிகளுக்கு மனம் இல்லை. ஆகவே அந்தத் திறமை உள்ள பிள்ளைகளை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டார்கள். இத்தாலியின் பிர்லோ பத்தாம் எண்ணாகத் தொடங்கியவர். மிலானில் பயிற்சியாளர் அஞ்செலோட்டி அவரைத் தடுப்பு வரிசைக்கு முன்னால், நெருக்கடி குறைந்த இடத்தில் நிறுத்தினார்.

ஆனாலும் 2022 கத்தார் உலகக் கோப்பையைப் பாருங்கள். 35 வயது மெஸ்ஸி ஆட்டத்தில் பாதி நேரம் நடந்தார். அவருக்காக டி பால், என்ஸோ ஃபெர்னாண்டஸ், மெக் அலிஸ்டர், அல்வாரஸ் ஓடினார்கள். அந்த அணியின் பயிற்சியாளர் ஸ்கலோனி, உதவியாளர்கள் ஐமாரும் சாமுவேலும். மூவரும் 1997இல் மலேசியாவில் ரிக்கெல்மேயோடு கோப்பை தூக்கியவர்கள். பழைய ஒப்பந்தத்தைத் தூசி தட்டி எடுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது என்ன செய்கிறார்?

போகாவின் தலைவர். 2019இல் துணைத் தலைவரானார். 2023 டிசம்பர் தேர்தலில் தலைவர் பதவிக்கு நின்றபோது, எதிரணியில் துணைத் தலைவர் வேட்பாளராக நின்றவர் அதே மாக்ரி. உறுப்பினர்கள் ரிக்கெல்மேயைத் தேர்ந்தெடுத்தார்கள். நிர்வாகியாக அவர் ஆட்டக்காரர் அளவுக்கு இல்லை என்பது என் கருத்து.

என் மகளும் ஆடுகிறாள். நடுக்களம் பெண் பிள்ளைகளுக்குச் சரிப்படுமா?

இந்தக் கேள்வியை மதுரையில் கேட்கலாமா ஐயா? நம் ஊரின் சேது எஃப்.சி. மகளிர் அணி 2018–19 இந்திய மகளிர் லீக்கை வென்ற அணி. அழைத்து வாருங்கள்.

என் பையன் பந்தைக் காலில் வைத்துக்கொண்டே நிற்கிறான். பள்ளி ஆசிரியர் திட்டுகிறார். ரிக்கெல்மே மாதிரி என்று விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள். பந்து வந்த பிறகு என்ன செய்வதென்று யோசித்தபடி நிற்பது வேறு, முன்பே முடிவு செய்துவிட்டு எதிராளிக்காகக் காத்திருப்பது வேறு. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. பந்து அவனிடம் வருவதற்கு முன் எத்தனை முறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறான் என்று கவனியுங்கள். ஒரு முறைகூட இல்லையென்றால் ஆசிரியர் திட்டுவது சரி.

அதே சமயம் நம் பள்ளிப் போட்டிகளில் கோட்டுக்கு வெளியே நின்று "அடி, அடி" என்று கத்தும் பெரியவர்கள் கொஞ்சம் வாயை மூட வேண்டும். நம்முடையது கெட்டியான செம்மண் தரை. பந்து கல்லில் பட்டு எகிறும், அடக்கவே ஒரு விநாடி ஆகும். அதற்குள் கத்தினால் பையன் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் உதைப்பான். ஓராண்டு இப்படிப் போனால் நிமிர்ந்து பார்க்கும் பழக்கமே அற்றுப்போகும்.

வீட்டிலேயே பழக்கலாம். அவனைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, நீங்கள் பின்னால் நில்லுங்கள். அவன் பந்தைச் சுவரில் அடித்து அது திரும்பி வருவதற்குள், நீங்கள் எத்தனை விரல் காட்டுகிறீர்கள் என்று திரும்பிப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் வாரம் பந்தும் தவறும், விரலும் தவறும். அது பழகியதும் பின்னால் நிற்பவர் மெதுவாக நெருங்கி வந்து முதுகில் கை வைத்துத் தள்ளட்டும்; அவன் பக்கவாட்டில் திரும்பி உள்ளங்காலால் பந்தை மறைக்கட்டும். கூரான ஸ்டட் வைத்த ஷூ இதற்கு வேண்டாம், செம்மண்ணில் கணுக்கால் மடங்கும். அடிப்பகுதி தட்டையான சாதாரணக் கேன்வாஸ் போதும்.